மழை வந்தால் போகும் லைன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதக் கடைசியில் நடந்தது இது. கீழ்வேளூரிலிருந்து திருவாரூர் போகும் சாலையில், பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி நான் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். சிட்டா நகல், சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம், கரண்ட் பில், பரீட்சை ரிசல்ட், பயிர் காப்பீடு என்று சுற்றியுள்ள நாலைந்து ஊர்களுக்கு எல்லாமே என் கடைதான். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு இன்வெர்ட்டர், நான். எனக்குக் கோபம் அதிகம், வாயும் அதிகம். ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் இதை இங்கே மறைத்துப் பயனில்லை.

அந்த வருடம் மழை ஆரம்பித்ததிலிருந்து என் கடையில் ஒரு கோளாறு. நெட் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. லைன் கம்பெனி கொடுத்த பெட்டியில் விளக்கெல்லாம் பச்சையாக எரியும். கம்ப்யூட்டரில் எந்தத் தளத்தின் பெயரைத் தட்டினாலும் வெள்ளையாக நின்றுவிடும். நான்கு நாள் குதிரை மாதிரி ஓடும், ஐந்தாவது நாள் படுத்துவிடும். மறுபடி இரண்டு நாள் ஓடும். ஒரேயடியாகக் கெட்டுப்போன சாமானைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். அவ்வப்போது கெடுகிற சாமானை என்ன செய்வது? ரிப்பேர்காரர் முன்னால் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டு, அவர் தலை மறைந்ததும் தன் புத்தியைக் காட்டும்.

ஆனால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது. மழை வந்தால் லைன் போகிறது. வெயில் நாளில் ஒரு தடவைகூடப் போனதில்லை. இதற்குமேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்? எங்கேயோ தண்ணீர் இறங்குகிறது. லைன் கொடுத்த கம்பெனிக்காரனுக்கு அதைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை. அவ்வளவுதான்.

அந்தக் கம்பெனிக்கு எங்கள் பகுதி முழுவதற்கும் ஒரே ஒரு லைன்காரர். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான மனிதர். பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு வருவார், அதிகம் பேசமாட்டார். ஒரு மாதத்தில் அவரை நான்கு தடவை வரவழைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் வருவதற்குள் லைன் வந்திருக்கும். கம்பெனிப் பெட்டியிலிருந்து ஒரு கம்பியை எடுத்துத் தன் லேப்டாப்பில் சொருகிப் பார்ப்பார்.

"எனக்கு வருதே மேடம்."

"நீங்க வந்தா வரும். நீங்க போனா போயிடும். உங்க லைனுக்கு உங்க மேல அவ்வளவு பாசம்."

அவர் கம்பத்தில் ஏறுவார். ஒரு தடவை கொட்டுகிற மழையில் ஏற வைத்தேன். கீழே குடை பிடித்துக்கொண்டு நின்று, "அந்த ஜாயிண்ட்டைப் பாருங்க, அதுலதான் தண்ணி எறங்குது" என்று கத்தினேன். அவர் ஜாயிண்ட்டை மாற்றினார். அடுத்த தடவை கம்பத்திலிருந்து கடைவரைக்கும் புது ஒயர் இழுத்தார். அதற்கடுத்த தடவை அவர் கம்பெனிப் பெட்டியையே மாற்றினார். அடுத்த மழைக்கு லைன் போனது.

இங்கே என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கம்பெனிக்காரர்கள் கொடுத்த பெட்டிக்கு அடுத்ததாக, நானே வாங்கி வைத்த இன்னொரு பெட்டி இருந்தது. அதற்குக் காரணமும் கோபம்தான். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண் இதுதான் என்று சொல்வதற்கு எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதை டி.என்.எஸ். சர்வர் என்கிறார்கள். அது எண்ணைச் சொன்னால்தான் நம் கம்ப்யூட்டர் அந்தத் தளத்துக்கு வழி தெரிந்து போகும். லைன் கொடுக்கிற கம்பெனியே அப்படி ஒன்றை வைத்திருக்கும். எங்கள் கம்பெனியுடையது சோம்பேறி. ஒரு பெயர் கேட்டால் யோசித்து யோசித்துச் சொல்லும்.

உலகத்துக்கே பொதுவாக, யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளக்கூடிய டி.என்.எஸ். சர்வர்களும் இருக்கின்றன. ஒரு வீடியோவில் பார்த்தேன். சும்மா அந்தப் பொது சர்வரின் எண்ணைப் போட்டால் லைன் கம்பெனிக்காரர்கள் நடுவில் மறித்துத் தங்கள் சோம்பேறியிடமே திருப்பிவிட முடியுமாம். பூட்டுப் போட்ட வழியாகக் கேட்டால் மறிக்க முடியாதாம். அதற்கென்று ஒரு பெட்டி விற்கிறதாம். உடனே வாங்கினேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நானே பொருத்தினேன். தளங்கள் பறந்து வந்தன. ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

லைன்காரர் முதல் தடவை வந்தபோதே, "இது என்ன பெட்டி மேடம்?" என்று கேட்டார்.

"அது என்னுது. புதுசு. அதுல கைய வைக்காதீங்க. கோளாறு உங்க பக்கம்தான்."

அவர் அதைத் தொடவேயில்லை. நான் தொடவிடவில்லை.

லைன் படுக்கும்போதெல்லாம் நானே கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியம் ஒன்று உண்டு. என் பெட்டியிலிருந்து பொது சர்வரின் எண்ணை எடுத்துவிட்டு, கம்பெனியின் சோம்பேறிக்கே மாற்றுவேன். மெதுவாக நெட் வரும். ஐந்து நிமிடம் கழித்துப் பொது சர்வரின் எண்ணை மறுபடி போடுவேன். நன்றாக ஓட ஆரம்பிக்கும். ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாது. பேய் பிடித்தவனை வேப்பிலையால் அடிப்பது மாதிரி ஏதோ ஒன்று. கம்பெனிக்காரர்கள் பொறாமையில் பொது சர்வரை மழை நாளாகப் பார்த்து மறிக்கிறார்கள் என்று முடிவு கட்டி, கம்பெனிக்கு ஒரு புகார் எழுதினேன். அதில் லைன்காரரையும் விடவில்லை. "வேலை தெரியாதவர், வந்து ஏணியைக் காட்டிவிட்டுப் போகிறார்" என்று எழுதினேன்.

பயிர் காப்பீட்டுக்குக் கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணிக்குத் தளத்தை மூடிவிடுவார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று விடியற்காலையிலிருந்தே மழை. கரண்ட் இல்லை. பத்து மணிக்குச் செல்போன் டவரும் செத்துப்போனது. இன்வெர்ட்டர் புண்ணியத்தில் என் கடை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலேயே முப்பது பேருக்குப் பதிவு செய்து முடித்தேன். பதினொன்றரை மணிக்கு நல்ல இடி. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் இடி ஓய்ந்தது. திரும்பப் போட்டேன். வழக்கம்போல லைன் படுத்திருந்தது.

என் வைத்தியத்தைச் செய்தேன். எண்ணை எடுத்தேன். வரவில்லை. மறுபடி போட்டேன். வரவில்லை. இந்த வைத்தியம் பலிக்காமல் போனது அதுதான் முதல் தடவை. காத்திருந்தவர்கள் திருவாரூருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். கடையில் மிஞ்சியது ஜெராக்ஸ் எடுக்க வந்து மழையில் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர் மட்டும்.

இரண்டரை மணிக்கு அந்தப் பெண் வந்தார். அவருக்கும் என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். பக்கத்துக் கிராமம். உரச்சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பைக்குள் பையாகச் சுற்றி, சிட்டா, பயிர் விவரத்துக்குக் கிராம ஆபீசில் தரும் அடங்கல், ஆதார், பாஸ்புக்கு கொண்டு வந்திருந்தார். எல்லாம் காய்ந்து இருந்தன. அவர்தான் சொட்டிக்கொண்டிருந்தார்.

"இப்பதான்க்கா அடங்கல் கைக்கு வந்துச்சு. காலையிலேர்ந்து கிராம ஆபீஸ் வாசல்ல நின்னேன். பதிஞ்சிருங்க."

"நெட்டு இல்லை. திருவாரூர் போங்க."

"பஸ்சு இல்லைக்கா. ரோட்டுல தண்ணி ஏறிடுச்சுன்னு நிறுத்திட்டாங்க. முழங்கால் தண்ணியில நடந்துதான் இங்க வந்தேன்."

மூன்று மா நிலம் அவருக்கு, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். மாமனார் தான் கூலிக்கு நட்ட நிலத்திலேயே ஒரு துண்டைப் பிற்பாடு வாங்கியது. மாமனாரும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. போன வருடம் பட்டா இவர் பெயருக்கு மாறாததால் காப்பீடு செய்ய முடியவில்லை. அந்த வருடம் பார்த்து எட்டு நாள் தண்ணீர் நின்று சம்பா அழுகிப்போனது. பக்கத்து வயல்காரர்களுக்கெல்லாம் இழப்பீடு வந்தது, இவருக்கு வரவில்லை. இந்த வருடம்தான் முதல் தடவையாக இவர் பெயரில் காகிதம். நட்டு நாற்பது நாள் ஆன பயிர் வயலில் நிற்கிறது. வானம் இப்படிக் கிடக்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். கம்பெனி மேல், லைன்காரர் மேல், மழை மேல். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். லைன்காரர் முக்கூட்டு ரோட்டில் ஒரு கம்பத்தடியில் நிற்பதாக யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்தால் மழைக்கோட்டோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"டீ குடிச்சு முடிச்சாச்சா? இல்ல, பன் ஒண்ணு சொல்லவா?" என்றேன்.

பாதி டீயை வைத்துவிட்டு என் பின்னால் வந்தார்.

கடையில் அவருடைய கம்பெனிப் பெட்டியில் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகம் மாறியது. "எங்க சர்வரும் இன்னைக்குப் படுத்துக்கிச்சு மேடம். பேரு கேட்டா சொல்லலை. ஆனா நம்பரைப் போட்டா போயிட்டு வருது. லைன் நல்லாதான் இருக்கு. பேரு சொல்ற ஆள்தான் இல்லை."

"என் பெட்டி உங்க சர்வரைக் கேக்காது. பொது சர்வரைக் கேக்கும். அதுவும் வரலையே."

"அப்ப உங்க பெட்டியைத்தான் பாக்கணும்."

"அதுல ஒண்ணும் இல்லை."

பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். "மணி மூணே கால்க்கா."

வேறு வழி இல்லை. பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். அது பாஸ்வேர்டு கேட்டது.

"நானே போடுறேன்" என்றேன். கை ஈரம், அவசரம் வேறு. இரண்டு தடவை தப்பாகப் போனது. இன்னும் ஒரு தடவை தப்பாகப் போட்டால் கால் மணி நேரம் பூட்டிக்கொள்வேன் என்று பெட்டி மிரட்டியது.

"நகருங்க, நான் அடிக்கிறேன். சொல்லுங்க" என்றார் லைன்காரர்.

நான் கீபோர்டை விடவில்லை.

"மேடம், மணி ஆவுது."

"லைன்காரன் ஒழிக" என்றேன்.

ஜெராக்ஸ் பெரியவர், "யாரு?" என்றார்.

லைன்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினார். "ஒழிகவுக்கு வெறும் இசட்டா, இசட் எச்சா?"

"இசட் எச்."

"எல்லாம் சின்ன எழுத்தா?"

"ஒழிக மட்டும் பெரிய எழுத்து."

"சரிங்க மேடம்."

பக்கம் திறந்தது. அவர் நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெட்டி என்னென்ன செய்தது என்று எழுதி வைக்கிற ஒரு குறிப்பு அதற்குள்ளேயே இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒரே வரி திரும்பத் திரும்ப, ஒரு நூறு தடவை இருந்தது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லைன்னு போட்டிருக்கு."

"எந்தச் சான்றிதழ்? வருமானச் சான்றிதழா?" என்றார் பெரியவர்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன் நான்.

அந்தப் பெண் எழுந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நீட்டித் திரையைப் பார்த்தார். பத்தாவது வரைக்கும் படித்தவர். "அண்ணே, அது ஏன் தேதி தப்பா போட்டிருக்கு?"

பார்த்தோம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தேதி இருந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று.

"தேதி கெடக்கு. இப்ப அதுவா முக்கியம்?" என்றேன் நான்.

லைன்காரர் அந்தப் பெண்ணிடம் திரும்பிச் சொன்னார். "இந்தப் பெட்டிக்குள்ள கடியாரத்துக்குப் பேட்டரி கிடையாதும்மா. கரண்டு நின்னா தேதி மறந்துடும். திரும்பப் போட்டா, அதைச் செஞ்சவங்க உள்ள போட்டு வச்ச ஏதோ ஒரு பழைய தேதியிலேர்ந்து ஆரம்பிக்கும்."

"அப்புறம் எப்படிச் சரியாவும்?"

"நெட்டுல கேட்டுக்கும். டைம் சொல்றதுக்குன்னு எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் இருக்கு."

"அது எங்க இருக்குன்னு இதுக்கு யாரு சொல்லுவா?"

"பேரு மட்டும் இதுக்குத் தெரியும். பேருக்கு நம்பரை இந்தப் பொது சர்வர்தான் சொல்லணும்."

"அவங்க ஏன் சொல்லலை?"

லைன்காரர் திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரிச் சொன்னார். "பூட்டுப் போட்டுப் பேசணும்னா, எதிராளி மொதல்ல அடையாள அட்டை காட்டணும். அந்த அட்டையில இந்தத் தேதியிலேர்ந்து செல்லும்னு போட்டிருக்கும். போன மாசம் போட்ட அட்டைன்னு வைங்க. நம்ம பெட்டி ஆறு வருஷம் பின்னால நின்னுக்கிட்டு, இது இன்னும் பொறக்காத அட்டை, நீ டூப்ளிகேட்டுன்னு கதவைச் சாத்துது."

"அதாவது, நேரம் தெரியணும்னா பேரு கேக்கணும். பேரு கேக்கணும்னா நேரம் தெரியணும்" என்றார் அந்தப் பெண்.

"ஆமா."

அவர் சிரித்துவிட்டார். அந்த நிலைமையில், அந்த ஈரத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, இது என் பட்டா கதை. பட்டாவுல என் பேரு ஏறணும்னா நெலவரி கட்டுன கிஸ்தி ரசீது என் பேருல வேணும்னாங்க. கிஸ்தி ரசீது என் பேருல போடணும்னா பட்டாவுல என் பேரு இருக்கணும்னாங்க. அந்த ஆபீசுக்கும் இந்த ஆபீசுக்கும் ஏழு மாசம் நடந்தேன். ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுனாங்க. ரெண்டு பேரும் சட்டப்படிதான் சொன்னாங்க."

"அப்புறம் எப்படி முடிஞ்சுது?" என்று நான் கேட்டேன். கோபத்தில் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"தாலுகா ஆபீசுக்குப் புதுசா ஒரு அம்மா வேலைக்கு வந்தாங்க. கதையைக் கேட்டாங்க. ஒரு வெள்ளத் தாள்ல, இந்த நெலம் இவங்க அனுபவத்துலதான் இருக்குன்னு கையால எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. அந்தத் தாளைக் காமிச்சேன், கிராம ஆபீஸ்காரரு ரசீது போட்டாரு. ரசீதைக் காமிச்சேன், பட்டா மாறிடுச்சு. யாராவது ஒருத்தங்க நடுவுல பூந்து கையால எழுதணும்க்கா. இல்லாட்டி இது சாவுற வரைக்கும் சுத்திக்கிட்டேதான் இருக்கும்."

லைன்காரர் அதற்குள் தேதி போடும் இடத்தைத் தேடிப் பிடித்துவிட்டார். 'இந்தக் கம்ப்யூட்டரின் நேரத்தை எடுத்துக்கொள்' என்று ஒரு பொத்தான் இருந்தது. என் கம்ப்யூட்டருக்குள் பேட்டரி உண்டு, அதற்குத் தேதி தெரியும். பொத்தானை அழுத்தினார். திரையில் ஆறு வருடம் ஒரே தாவில் ஓடியது.

நான் தளத்தின் பெயரைத் தட்டினேன். வந்தது.

மணி மூன்றே முக்கால். அதற்கப்புறம் எல்லாம் நிம்மதியாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். கடைசி நாள் என்பதால் தளத்தில் கூட்டம். ஒவ்வொரு பக்கமும் ஆமை மாதிரி நகர்ந்தது. சர்வே எண்ணைப் போட்டால் உட்பிரிவு கேட்டது. உட்பிரிவைப் போட்டால் முதலிலிருந்து வா என்றது. அடங்கலை ஸ்கேன் செய்து ஏற்றினால் அளவு பெரிசு என்றது. நான் வாய்க்குள் திட்டிக்கொண்டே அடித்தேன். அந்தப் பெண் மூச்சுக்கூட விடாமல் என் தோளுக்குப் பின்னால் நின்றார். புடவையிலிருந்து என் நாற்காலி மேல் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை நான் ஒன்றும் சொல்லவில்லை. லைன்காரரும் போகவில்லை. நான்கு முப்பத்தெட்டுக்கு ரசீது பிரிண்டரில் வந்தது. அவர் பெயர், அவர் சர்வே எண், மூன்று மாவுக்கான ஏக்கர் கணக்கு.

அவர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். தன் பெயர் இருக்கிற வரியில் விரலை வைத்து மூன்றாவது தடவை படித்தார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்தார்.

நான் நாற்காலியில் சாய்ந்தேன். அப்போதுதான் லைன்காரர் கேட்டார். அவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் என்னை விசாரித்ததில்லை.

"மேடம், இன்வெர்ட்டர்தான் இருக்கே. கரண்டு போனாலும் இந்தப் பெட்டி நிக்காதே. இன்னைக்கு எப்படி நின்னுச்சு?"

"இடி இடிச்சுது. பிளக்கைப் பிடுங்கினேன்."

"போன வாரம்?"

"அன்னைக்கும் இடி."

"எப்ப இடி இடிச்சாலும் பிடுங்குவீங்களா?"

"பின்ன, பிடுங்காம? எங்க அக்கா வீட்டுல டிவி எரிஞ்சு போச்சு. இந்த ஊர்ல எல்லாருந்தான் பிடுங்குறாங்க."

சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடுவதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது. மழை வந்தால் லைன் போகவில்லை. மழை வந்தால் இடி வருகிறது. இடி வந்தால் நான் பிளக்கைப் பிடுங்குகிறேன். பிடுங்கினால் பெட்டி தேதியை மறக்கிறது. தேதி மறந்த பெட்டி, சரியாக வேலை செய்துகொண்டிருக்கிற சர்வரைத் திருடன் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறது. ஒரு மாதமாக லைனைக் கெடுத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். என் வைத்தியம் பலித்ததற்கும் காரணம் தெரிந்துவிட்டது. நான் சோம்பேறி என்று திட்டிய சர்வர்தான் ஒவ்வொரு தடவையும் என் பெட்டிக்கு நேரம் சொல்கிற இடத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. அது படுத்த அன்றைக்கு என் வைத்தியமும் படுத்துவிட்டது.

"அப்ப அந்த ஜாயிண்ட்டுல தண்ணி எறங்கலை" என்றார் லைன்காரர்.

"எறங்கலை."

"ஒயரும் நல்ல ஒயருதான்."

"நல்ல ஒயருதான்."

"பழைய பெட்டியும்..."

"அண்ணே, போதும்."

ஒரு மாதமாக அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஜெராக்ஸ் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இந்தம்மா சும்மா இருந்திருந்தா எல்லாம் நல்லா இருந்திருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெளியே தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது. போகும்போது, "அக்கா, அந்தப் பாஸ்வேர்டை மட்டும் மாத்திடுங்க. அண்ணன் மொகம் என்னமோ மாதிரி ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார்.

லைன்காரர் இன்னும் கால் மணி நேரம் இருந்தார். நேரம் கேட்கிற இடத்தில் இருந்த பெயரை எடுத்துவிட்டு அதன் எண்ணையே போட்டுக் கொடுத்தார். இனிமேல் பெட்டி யாரிடமும் பெயர் கேட்காமல் நேராகப் போய் நேரத்தைத் தெரிந்துகொள்ளும். பிளக்கை ஒரு தடவை பிடுங்கிப் போட்டு, என்னையே பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடத்தில் எல்லாம் வந்தது. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. "டீ ஆறிப் போயிருக்கும், வேற வாங்கித் தரேன்" என்றேன். "பன்னும்" என்றார்.

மறுநாள் கம்பெனிக்குப் போன் செய்து புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். பேசிய பெண், காரணம் என்ன மேடம், பிரச்சினை தானாகச் சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் லைன்காரர் பெயருக்கு எதிரே நான் எழுதியது அப்படியே நிற்கும். "இல்லை, தப்பு என்னுது. அவரு நல்லா வேலை தெரிஞ்சவரு. நான்தான் அவரைப் பாக்க வேண்டிய எடத்தைப் பாக்க விடலை. இதை அப்படியே எழுதிக்கோங்க" என்றேன். எழுதினாரா என்று திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதற்கும் சத்தம்தான் போட்டேன். குணம் ஒரே நாளில் மாறிவிடுமா?

இதையெல்லாம் இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் அந்த மூன்றே கால் மணியை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. பெட்டியில் கை வைக்காதே என்ற என் வீம்புக்கும் அந்த அசட்டுப் பாஸ்வேர்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் நாற்பது நாள் பயிர் மாட்டிக்கொண்டு நின்றது. இன்னும் முக்கால் மணி நேரம் நான் பிடிவாதம் பிடித்திருந்தால், அந்த வருடமும் அவர் வேறு யாருக்கோ இழப்பீடு வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். நான் அப்போதும் கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, நன்றாகவே வருகிறது. ஆனால் ஏதாவது ஒன்று அவ்வப்போது கெட்டால், அடுத்தவரைத் திட்டக் கிளம்புவதற்கு முன்னால், அது கெடுவதற்குச் சற்று முன்பு என் கை எங்கே இருந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்கிறேன். அப்படி யோசிக்க ஆரம்பித்ததிலிருந்து பாதி நாள் எனக்குத் திட்ட ஆளே கிடைப்பதில்லை.